பொம்பொம் நானா இறங்கிப் போன சைக்கிள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் நடந்தது இது. எனக்குப் பாண்டிருப்பு. கோயில் கோபுரங்களுக்குச் சீமெந்தில் உருவம் செய்வது என் தொழில். வேலையில் கொஞ்சம் செருக்கும் உண்டு, மறைப்பானேன்?

அந்த முஸ்லிம் ஊரின் இளைஞர் கழகம் எடுத்த ஒரு படம் எங்கள் பக்கமெல்லாம் பேர் எடுத்திருந்தது. அதில் வரும் மீன் வியாபாரிதான் பொம்பொம் நானா; நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். எங்கள் பக்க மீன்காரர்கள் எல்லாரையும்போல சைக்கிளில் வந்து ரப்பர் ஹோர்னை அமுக்குவார். பெண்கள் சட்டியோடு வெளியே வருவார்கள். அவருக்குக் கடற்கரைப் பூங்காவில் சிலை வைக்கக் கழகத்துக்கு ஆசை. ஆனால் அந்த ஊரில் ஆளின் உருவம் வைக்கும் வழக்கம் இல்லை. பள்ளிவாசல் தலைவரோடு பேசி ஒரு நிபந்தனையோடு வந்தார்கள்: தலையில் துவாயை முக்காடாகப் போட்டு, முகமே இல்லாமல் செய்யவேண்டும்.

ஓம் ஓம், செய்யலாம் என்றேன். காது கேட்டது, மனம் கேட்கவில்லை. நான் செய்ததெல்லாம் கோபுர உச்சியில் நிற்கிறது. விரல் நகம்வரை செதுக்கினாலும் கிட்டப்போய்ப் பார்ப்பது காகம்தான். ஒரு தரமாவது ஆட்கள் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்க்கிற வேலை ஒன்று செய்துவிட வேண்டும் என்று எனக்குள் வெறியே இருந்தது.

மூன்று வாரம் வேலை செய்தேன். சைக்கிள், மீன் பெட்டி, உண்மையான ஹோர்ன், பக்கத்தில் நானா. கடைசி நாள் வந்தது. எங்கள் தொழிலில் கடைசியாகத்தான் கண் திறப்போம். கண் திறக்காத உருவம் முடியாத உருவம். நல்ல நேரம் பார்த்தேன், கை தன்பாட்டில் போய்விட்டது. துவாய்க்குக் கீழே முழு முகம், இரண்டு கண். எனக்கென்றால் சந்தோஷத்தில் புளுகம் தாங்கவில்லை.

மறுநாள் பள்ளிவாசல் தலைவரான ஹாஜியார் பார்க்க வந்தார். குனிந்து துவாய்க்குள் பார்த்தவர் ஓரடி பின்னால் போனார்.

"மேசன், இது என்னயே பார்க்குது."

பாராட்டு என்று நினைத்துப் பல்லைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "வேல நல்லம். ஆனா நாம கதைச்சது இது இல்லயே. இத வைக்க ஏலாது."

கழகச் செயலாளர் எனக்காக ஹாஜியாரிடம் மன்னிப்புக் கேட்டார். அதுதான் இன்னும் சுட்டது. அவர்கள் கொடுத்த வாக்கை நான் கெடுத்துவிட்டேன். தலையை மட்டும் எடுக்கலாமா என்றால், மூளி உருவத்தை வைக்க என் மனம் ஒப்பவில்லை. சுத்தியலை எடுத்தேன். மத்தியானத்துக்குள் நானா மண்ணோடு மண். அழுதேன், சொல்வதற்கு வெட்கம் என்ன?

தூசி அடங்கியது. சைக்கிள் மட்டும் ஸ்டாண்டில் நின்றது. செயலாளர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நானா மீன் குடுக்க வீட்டுக்குள்ள போன மாதிரியெல்லா இரிக்கி!" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. படத்தில் நானாவின் செருப்பு வார் அறுந்து ஊசி குத்தியிருக்கும். அன்றைக்கே சீமெந்தில் ஒரு சோடிச் செருப்பு செய்து, கம்பியில் ஊசியும் குத்தி, சில்லுக்குப் பக்கத்தில் கழற்றி வைத்ததுபோல் பதித்தேன்.

திறப்பு பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. நான் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ஹாஜியார் துணியை இழுத்தார். அவர் மறுபடியும் குனிந்தார். செருப்பைப் பார்த்தார், ஊசியைக் கண்டார், பொக்கென்று சிரித்துவிட்டார். பிறகு கையை நீட்டி ஹோர்னை அமுக்கினார்.

பொம்... பொம்!

எதிர் ஒழுங்கையில் கேற்றுகள் திறந்தன. மூன்று பெண்கள் சட்டியோடு ஓடி வந்தார்கள். "என்ன மீன் நானா இரிக்கி?" என்று கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் கூட்டத்தைக் கண்டார்கள். ஒருவர் "என்ட றப்பே!" என்று சட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடினார். இன்னொருவர் அசையவில்லை, சட்டியை மீன் பெட்டிமேல் வைத்து, மீன் இல்லாமல் போகமாட்டேன் என்றார். கடற்கரையே சிரித்தது. ஹாஜியார் என்னைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்தார்.

"மேசன், ஆளில்லாமலே ஆளக் கொண்டு வந்திட்டீங்களே!"

இப்போதும் அக்கரைப்பற்றுக்கு வேலைக்குப் போகும்போது அங்கே இறங்கிப் பார்ப்பேன். அமுக்கி அமுக்கியே ஹோர்ன் ரப்பர் இரண்டு தரம் மாற்றியாயிற்று. செருப்பு ஊசி தொட்டுத் தொட்டு மினுங்குகிறது. நான் கண் திறக்காமல் விட்ட ஒரே வேலை அதுதான். என் வேலை மனிதர் கண்ணில் பட்டதும் அதில்தான்.