நாலு நிமிஷம் பிந்திய கோடு

வட்டக்கானல் ஜோசப்பினுக்குப் பொய் சொல்ல வராது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். ஏழு வயது மகளுக்கு நாலு வயதுதான் என்று பஸ் கண்டக்டரிடம் கூசாமல் சொன்னவர். அதனால்தான் 1975இல் அவர் செய்த காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்த வருஷம் ஒரு செயற்கைக்கோள் நம் நாட்டை நோக்கி வானத்தில் நின்றது. அது அனுப்பும் ரேடியோ அலை, காற்றுமண்டலத்தின் மேலடுக்கைத் தாண்டி வரும்போது எப்படி மாறுகிறது என்று பார்க்க, கொடைக்கானல் வானாய்வகத்தில் ஓர் அறையில் கருவி வைத்தார்கள். உருளும் தாளில் ஒரு பேனா நாள் முழுக்கக் கோடு இழுக்கும். தாள் மாற்றுவதும், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பதும் ஜோசப்பினின் வேலை. தற்காலிக வேலைதான். மாதக் கடைசியில் நீட்டித்தால் உண்டு, இல்லாவிட்டால் மறுபடி லாட்ஜில் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

ஒருநாள் காலை 11.17க்குக் கோடு திடீரென்று எகிறியது. அன்று சூரியனில் ஒரு வெடிப்பு. அங்கேயே சூரியனைப் படம் பிடிப்பவர்கள் அதற்குக் குறித்த நேரமோ 11.13.

"சூரியன் வெடிச்சா கோடு அந்த நிமிஷமே எகிறணும்மா. நீங்க கருவியோட குமிழைத் தொட்டிருப்பீங்க," என்றார் அதிகாரி சேனாதிபதி. "சரி விடுங்க, ஒரு தாள்தானே. கிழிச்சுப் போட்டுருவோம். மேலிடத்துக்கு எழுத மாட்டேன்."

ஜோசப்பின் சத்தியமாகத் தொடவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மறுநாள், கடிகாரத்தைச் சரிபார்க்க அறையில் வைத்திருந்த ரேடியோ ரிப்பேர் முடிந்து திரும்பி வந்தது. செய்திக்கு முன்னால் வரும் 'பீப்' ஒலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ இல்லாத இரண்டு வாரமும் அவர் மாதா கோயிலில் மதியம் பன்னிரண்டுக்கு அடிக்கும் மணியைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்பி வைத்தார். மணியடிக்கும் கோயில்பிள்ளை சூசைமாணிக்கமோ எதிலும் அவசரக்காரர்.

அறையில் வேறு யாரும் இல்லை. சத்தமில்லாமல் முள்ளைப் பின்னுக்குத் தள்ளியிருந்தால் வேலை தப்பியிருக்கும். ஆனால் வானம் தானே போட்ட அந்தக் கோடு குப்பைக்குப் போயிருக்கும். ஜோசப்பினுக்கு அது பொறுக்கவில்லை.

"சார், கோட்டுல தப்பில்ல, எம்மேலதான் தப்பு. ரெண்டு வாரமா கோயில் மணி கேட்டுத்தான் கடியாரத்தத் திருப்பி வச்சேன்."

"அடக் கடவுளே! செயற்கைக்கோளும் உங்க கோயில் மணிக்கு முழங்கால் போடணுமோ?" சேனாதிபதி அறை அதிரக் கத்தினார். பிறகு தாளையும் சூரியப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாலு நிமிஷத்தைக் கழித்தால் இரண்டும் அச்சாகப் பொருந்தின.

"ரெண்டு வாரத் தாளையும் திருத்துங்க. ஒவ்வொண்ணுலயும் பேரெழுதிக் கையெழுத்துப் போடுங்க."

வீட்டுக்கு அனுப்பத்தான் கையெழுத்து வாங்குகிறார் என்று நினைத்தார் ஜோசப்பின். பதினாலு தாளிலும் போட்டு முடித்தார்.

"உங்க கோட்டைப் படத்தோட சேர்த்து அனுப்புறேன்," என்றார் சேனாதிபதி, தலை நிமிராமல். "நாளைக்கு வெள்ளனே வந்து புதுத் தாள் மாட்டிருங்க."

சரிங்க சார் என்றார் ஜோசப்பின். தாளில் கண்ணீர் விழுந்துவிடாமல் முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டார்.