அரிசி அளந்த குண்டு உறை

எங்கள் வீட்டில் ஆழாக்கு கிடையாது. அரிசி அளக்க ஒரு பீரங்கிக் குண்டின் பித்தளை உறைதான் இருந்தது. மேல்பாதியை அறுத்து, வாயை மழுக்கியிருக்கும், ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். பாதிக்குக் கொஞ்சம் மேலே அளந்தால் அப்பா, அம்மா, நான் மூன்று பேருக்கும் ஒரு வேளைக்குச் சரியாக வரும். இப்போது காட்டுப்பாக்கத்து ஃபிளாட்டில் நான் ஒருத்திதான். அடி மறைகிற அளவுக்கு அரிசி போட்டால் போதும், அதிலும் பாதி மறுநாளைக்கு மிஞ்சிவிடும்.

குண்டு உறையில் அரிசி அளப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்தால்தானே. எங்கள் கட்டிடத்தில் பாதிப் பேர் வெளியூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் பிள்ளைகள். தண்ணீர் லாரிக்கும் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் வாட்ஸ்அப்பில் வரிந்து கட்டிக்கொண்டு சண்டை போடுவார்கள், லிஃப்டில் எதிரே நின்றால் முகம் தெரியாது. அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள், "நீ தைரியமான பொண்ணு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் வந்து எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. அங்கே நட்டு, போல்ட்டைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அந்த உறையை ஏரியில் போட்டுவிடச் சொன்னவள் அம்மா. படுக்கையோடு கிடந்த கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நா போனப்புறம் அந்த அரிசி அளக்கறத ஏரில போட்டுடு. யாரும் பாக்காதப்போ போடு."

"ஏம்மா? நல்லாத்தான கீது."

"உங்கப்பா அத்த ஃபேக்டரில இருந்து எடுத்துகினு வந்துட்டாரு. கேட்டு வாங்கினது இல்ல."

மிச்சக் கஞ்சியை வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டாள்.

அப்பா ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருந்தார். அவருடைய அப்பா பூந்தமல்லிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். குடும்பத்திலேயே முதல் முதலாக போட்டோ ஒட்டிய கேட் பாஸ் வைத்திருந்தது அப்பாதான். அந்த பாஸை அவர் சாமி படத்துக்குக் கீழே மாட்டுவார். எனக்கு ஏழு வயது இருக்கும்போது எங்கள் தெருவில் ஒருவர் டிபன் பாக்ஸில் சோற்றுக்கு அடியில் பித்தளைத் துண்டை வைத்து எடுத்துவந்து கேட்டில் பிடிபட்டார். வேலை போயிற்று. சில நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடாதே என்று அவர்கள் காலி செய்த நாள் வரைக்கும் அம்மா என்னை அதட்டினாள்.

அது நடந்து கொஞ்ச நாளில்தான் ஒரு சாயங்காலம் அப்பா இந்த உறையைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தார். ஷோகேஸ் மேல் நடுவாக வைத்து, தள்ளி நின்று பார்த்தார். "ஆபீசர் ஊட்ல எல்லாம் இதுலதான் பூ வெக்கிறாங்க" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். மறுநாள் காலையில் அது அரிசி டிரம்முக்குள் இருந்தது. அப்பா மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு அலங்காரம் பிடிக்காது, எல்லாவற்றுக்கும் ஒரு உபயோகம் வேண்டும் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

நான் எட்டாவது படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். துக்கம் கேட்க வந்த தொழிற்சாலை ஆட்களிடம் அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆவடியை விட்டு இந்தப் பக்கம் வந்தோம், புது விலாசத்தை யாருக்கும் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் நாங்கள் போனதில்லை. எனக்கு வரன் வந்தபோதெல்லாம், "ஆவடில அப்பாவப் பத்தி விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்பார்கள். உடனே அம்மாவுக்கு ஜாதகம் பொருந்தாமல் போய்விடும். வரன் தட்டிப்போவதற்கு நான் என் மூக்கைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா சொன்னதற்கு அப்புறம் எனக்கு அந்த உறையைத் தொடவே கூசியது. ஆனால் ஏரியில் போடவும் மனசு வரவில்லை. போட்டுவிட்டால் அப்பா திருடர் என்று நானே முடிவு கட்டிய மாதிரி ஆகிவிடும். எனக்கு மிச்சம் இருப்பதே அந்த மனிதரைப் பற்றிய நினைப்பு ஒன்றுதான். அதில் போய் இப்படி ஒரு கறை விழுந்தால் நான் எதை வைத்துக்கொண்டு இருப்பது? செல்போனில் தேடிப் படித்தேன். இந்த மாதிரி உறைகளின் அடியில் செய்த இடம், வருடம் எல்லாம் எழுத்தாகக் குத்தியிருக்கும் என்று இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். எங்களுடையதில் ஓர் எழுத்துகூட இல்லை, சாப்பாட்டுத் தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மெட்ரோ வேலை, முகமெல்லாம் புழுதி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய பித்தளை வாங்கி விற்கிற கடை. கடைக்காரருக்கு என் வயது இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார்.

"இன்னாக்கா, குத்துவிளக்கா?"

நான் எடுத்து மேஜையில் வைத்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இத்த எங்கிருந்து கொண்டாந்தீங்க? உள்ள ஒண்ணும் இல்லியே?"

"அரிசிதான் இருந்துச்சு."

அவர் சிரித்துவிட்டார். ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டவில்லை. விரலால் சுண்டினார். கவிழ்த்து, அடியில் நடுவில் இருக்கும் சின்ன வட்டத்தைக் காட்டினார்.

"பீரங்கி ஊசி அடிச்ச குழி கீது பாருங்க. இது சுட்டது. வெறும் காலி உறை, பயப்படாதீங்க. சுடாதது, முழுசா எங்கனா கண்ணுல பட்டுச்சுன்னா மட்டும் தொடாதீங்க, போலீஸுக்குப் போனப் போடுங்க."

நான் கேட்க வந்ததைக் கேட்க வாய் வரவில்லை. "என்ன விலை போகும்?" என்றேன்.

"அடில எழுத்து இருந்தா சேக்கறவங்க நல்லாவே குடுப்பாங்க. இதுல ஒண்ணும் இல்லியே. பித்தளை எடைதான்."

"எங்கம்மா வெள்ளிக்கிழமை தவறாம புளி போட்டுத் தேய்ப்பாங்க."

"புளி பளபளன்னு ஆக்கும்க்கா. எழுத்தத் தின்னாது. இது உப்புத்தாள். கோடு கோடாத் தெரியுது பாருங்க. யாரோ வருசக்கணக்கா ஒக்காந்து தேச்சுகீறாங்க."

சின்ன வயதில் உப்புத்தாள் வாங்க அம்மா என்னைத்தான் கடைக்கு அனுப்புவாள். தோசைக்கல் தேய்க்க என்பாள். எங்கள் வீட்டுத் தோசைக்கல் ஒரு நாளும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. அப்பா ஷிப்டில் இருக்கும்போது பின்பக்கம் உட்கார்ந்து, யாராவது வந்து பார்த்துவிடப்போகிறார்கள் என்று, அந்தத் தொழிற்சாலையின் பெயரை அவள் அழித்திருக்கிறாள். நேராகவே கேட்டுவிட்டேன்.

"இது திருடினதா இருக்குமா?"

அவர் முகம் மாறிவிட்டது. "திருட்டு சாமான்லாம் நா வாங்கறது இல்லக்கா. எடுத்துகினு போங்க."

"விக்க வரல. எங்கப்பா கொண்டு வந்தது. அவர் இல்ல, அம்மாவும் இல்ல. எனக்குத் தெரிஞ்சாகணும்."

என்ன நினைத்தாரோ, கண்ணாடியை இறக்கி மறுபடி கையில் எடுத்தார். அடிக்குக் கொஞ்சம் மேலே பக்கவாட்டில் ஒரு சாம்பல் நிறப் பொட்டு உண்டு. எப்போதும் அங்கே இருப்பது என்பதால் நான் அதைக் கவனித்ததே இல்லை. அவர் நகத்தால் சுரண்டினார்.

"ஈயம் பத்த வெச்சு ஓட்டைய அடைச்சுகீறாங்க. இது போதும்க்கா. மிலிட்டரில காலி உறைய ஏலத்துல வுடறதுக்கு முன்னாடி, திரும்ப யாரும் உபயோகப்படுத்தக் கூடாதுன்னு இந்த எடத்துலதான் ஓட்டை போட்டு வெளிய அனுப்புவாங்க. எங்க நைனா மொத்தமா லாட்டா எடுப்பாரு. மேல அறுத்து, ஓட்டைய அடைச்சு, பூச்சாடின்னு விப்பாரு. ஆவடி ஆளுங்கதான் ஆசையா வாங்கினு போவாங்க. ஃபேக்டரில இருந்து தூக்கினு வரவன் ஓட்டையப் போட்டு, அப்புறம் அத்த அடச்சுகினு இருப்பானா?"

நான் அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். அவர் அடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"சோதிச்சு அனுப்பிட்டோம்னு எழுத்துக்குப் பக்கத்துல ஒரு முத்திரையும் குத்துவாங்க. அது இருந்திருந்தா படிச்சவங்க யாரும் ஒரே பார்வைல சொல்லியிருப்பாங்க. அதையும் சேத்துத் தேச்சுட்டாங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அம்மா மேல் அப்படி ஒரு கோபம். எந்த வீட்டிலும் ஒரு சாமான் வந்து இறங்கினால், எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று பெண்டாட்டி துருவித் துருவிக் கேட்பாள். கத்தரிக்காய்க்குக் கூட அம்மா அப்படித்தான் கேட்பாள். இதற்கு மட்டும் கேட்கவில்லை. என்ன பதில் வந்துவிடுமோ என்ற பயம். அப்பாவும் இவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அரிசி டிரம்மை மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டார். கேட்காத அந்த ஒரு கேள்விக்காக நாங்கள் ஊரை விட்டு, பழகியவர்களை விட்டு, கடைசியில் இந்த ஃபிளாட்டில் வந்து சேர்ந்தோம். அவள் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தேய்த்துத் தேய்த்து அழித்தது அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய எழுத்தை. கோபம் அங்கே வந்ததும் அழுகையாகிவிட்டது. கடைக்காரர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தராசை வெகுநேரம் துடைத்தார்.

"எடைக்குப் போடறீங்களாக்கா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் இடம் கிடைத்தது. பை கிழிந்துவிட்டதால் உறையை மடியில் வைத்துக்கொண்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. செல்போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கம்பெனி ஆட்கள், கேஸ்காரர், பிளம்பர், இன்னும் அழிக்காத அம்மாவின் நம்பர். உள்ளே வைத்துவிட்டேன்.

பக்கத்தில் கறிவேப்பிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண் என் மடியைப் பார்த்தாள்.

"இன்னாக்கா அது, பூச்சாடியா? நல்லா கீதே."

"ஆமாம்மா" என்றேன். "எங்கப்பா எங்கம்மாவுக்கு வாங்கினது."

அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய ஸ்டாப்பிங் வந்துவிட்டது. கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

"காசு குடுத்து வாங்கினது" என்றேன். அவள் கீழே நின்று டிரைவருக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தாள்.