உப்பு போடாமல் இறக்கிவைத்த கறி

அக்காவின் ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் தங்கையின் வணக்கம். இந்தக் கட்டுரையை எழுத வேண்டியவர் எங்கள் அண்ணன்தான். "நீயே எழுது மக்கா, நீயாக்கும் கூட இருந்தவ" என்று என் தலையில் கட்டிவிட்டார். அடுப்பில் அரிசி வேக, பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்காவது வாக்கியம் அறுந்து நின்றால் சோறு பொங்கி வழிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது காஞ்சிரங்குளத்துக்குக் கீழே, கடலோரத்தில். எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அண்ணன் மூத்தவர், அக்கா நடு, நான் கடைசி. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கக் கிளம்பிவிட்டால் அடுப்படி முழுக்க அக்காவின் பொறுப்புதான். கடலில் ஒன்றும் கிடைக்காத மாதங்களில் மரச்சீனிக் கிழங்கை அவித்து, காந்தாரி மிளகாயை உப்போடு நசுக்கிக் கூட வைப்பார். அதை வறுமை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "இன்னைக்கு மீனுக்கு லீவு" என்பார். நானும் அதை நம்பிச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த அடுப்படியிலேயே படித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு திருமணம். அத்தான் மீன்பிடி வள்ளங்களின் இஞ்சினைப் பழுது பார்ப்பவர். பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இந்த ஊருக்கு அக்கா வந்தது அப்படித்தான். மூத்தவள் ஜெஸ்மி, இளையவன் அபின்.

ஜெஸ்மி நாலாம் வகுப்பில் இருக்கும்போது, காலையில் பள்ளி வண்டியின் சத்தம் கேட்டாலே வாந்தி எடுக்கத் தொடங்கினாள். பள்ளியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடம்பிலும் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும் என்று நிறுத்திய பிள்ளை பிறகு போகவே இல்லை. அக்கா வேலையை விட்டுவிட்டு, தானே சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். அபின் பள்ளி வாசலை மிதித்ததே கிடையாது. "டீச்சருக்க பிள்ளையளு பள்ளிக்கு போவல்லியா?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் இப்போது இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அக்கா எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. நான்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்காவின் பள்ளிக்கூடம் பெரும்பாலும் சமையலறைதான். தேங்காய் துருவும்போது கால், அரை, முக்கால். அப்பத்துக்குக் கரைத்த மாவு பொங்கினால் ஏன் பொங்கியது என்ற கேள்வி. மீன்காரி கொண்டுவரும் மீனுக்குத் தமிழில் ஒரு பெயர், மலையாளத்தில் ஒரு பெயர், இரண்டையும் எழுதிக் காட்டினால்தான் மீன் கழுவத் தண்ணீர் கிடைக்கும். ஆனால் இந்த வீட்டுக்கே உரிய வழக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அக்கா கறியில் உப்பு போடமாட்டார். புளியும் மிளகாயும் தேங்காயும் சேர்ந்து கறி வெந்ததும் சட்டியை இறக்கித் தரையில் நடுவாக வைப்பார். பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் உப்பு. சமைத்தவர் ருசி பார்க்கக் கூடாது. பிள்ளைகள் இருவரும் உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கிப் பார்த்து, எவ்வளவு உப்பு வேண்டும், வேறென்ன குறைகிறது, எது கூடிப்போயிற்று என்று சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் போதாது, காரணமும் வேண்டும். இருவரும் ஒத்துப்போன பிறகுதான் உப்பு விழும், சட்டி திரும்ப அடுப்பில் ஏறி ஒரு கொதி வாங்கும். ஒத்துப்போகாவிட்டால் வாதம் நீண்டுகொண்டே போகும். அத்தான் கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்தபடி வாசலில் நின்று, "கறி ஆறுததுக்கு முன்ன தீர்ப்பு வருமா?" என்று கேட்பார். தினமும் இதே கேள்விதான், தினமும் எல்லோரும் சிரிப்பார்கள்.

"நல்லா இருக்கு" என்ற பேச்சுக்கு அந்த வீட்டில் இடமே இல்லை. நான் விருந்தாளியாக வந்த ஒரு நாள், மரியாதைக்கு அப்படிச் சொல்லிவிட்டேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீ ருசி பாக்கல்ல, எனக்க முகத்தப் பாத்துட்டு பறையுத" என்றார். எட்டு வயது அபின் முன்னால் எனக்கு மானம் போயிற்று.

அப்புறம் அந்த நோய் வந்தது. வயிற்றில் தொடங்கியது, தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. நான் திருவனந்தபுரத்தில் துணிக்கடை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன். அந்த லீவு இன்றுவரை முடியவில்லை. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் அக்கா சிகிச்சையில் இருந்த நாட்களில் நானே கஞ்சி வைத்துக்கொண்டு போவேன். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"அக்கா, பிள்ளையளுக்க படிப்ப நான் எப்படி பாக்கது? எனக்கு என்ன அறியும்?"

"நீ சோறு வை. அதுக ரெண்டும் வந்து பக்கத்துல நிக்கும். மீதி அதுகளுக்கே அறியும்," என்றார். உடம்புக்கு வயலாமல், பேசவே திணறிய நேரம் அது. அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்தேன். அக்கா வீட்டிலேயே, பிள்ளைகள் இருவரும் இருபுறமும் இருக்க, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு இந்த வீட்டுக்கு வந்த சாப்பாட்டை நான் மறக்கமாட்டேன். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சோறு, கடலோரத்து உறவினர் கொண்டுவந்த மீன், எதிர்வீட்டு அம்மாவின் புளிசேரி. தூக்குவாளிகளை யாருடையது என்று பிரித்துத் திருப்பிக் கொடுப்பதே எனக்கு ஒரு வேலையாக இருந்தது. பிள்ளைகள் எதைச் சாப்பிட்டாலும் "நல்லா இருக்கு மாமி" என்பார்கள். "என்ன அடக்கமான பிள்ளைகள், எப்படி வளர்த்திருக்கிறாள்" என்று எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன்.

பிறகு சமையல் என் கைக்கு வந்தது. தாயில்லாப் பிள்ளைகளுக்கு உப்பில்லாத சட்டியை முன்னால் வைக்க எந்த மனிதருக்கு மனம் வரும்? எனக்கு வரவில்லை. நானே ருசி பார்த்தேன், நானே உப்பு போட்டேன், தட்டில் பரிமாறிக் கையில் கொடுத்தேன். மீன் கழுவவோ தேங்காய் துருவவோ அவர்களை விடவில்லை. "நீங்க போய் படியுங்க மக்கா" என்று அனுப்பிவிடுவேன். அவர்களும் போய்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மத்தியானம் வந்து சாப்பிட்டு, "நல்லா இருக்கு சித்தி" என்று சொல்லித் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார்கள். சொந்த வீட்டில் விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள். என் கைப்பக்குவம் அக்காவைப் போல் வராததால்தான் அப்படி என்று நான் நினைத்தேன். அதனால் இன்னும் கவனமாகச் சமைத்தேன், இன்னும் அதிகமாக ஓடினேன்.

உள்ளதைச் சொல்கிறேன், களைத்துப்போனேன். அம்மியிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து துணிக்கல்லுக்கு, அங்கிருந்து அபினின் மலையாளப் பாடத்துக்கு. பாடத்தை விரித்து வைத்தபடியே தூங்கி விழுந்திருக்கிறேன். அவன் என்னை எழுப்பாமல் பக்கத்தை மூடி வைத்திருப்பான். படிப்பு எங்கும் போய்ச் சேரவில்லை என்று எனக்கே தெரிந்தது.

அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "ஆண்டு நினைவு கழியட்டு, ரெண்டையும் பாறசாலையில பள்ளியில சேப்போம். நீ உருகிப்போற மக்கா. உனக்கும் ஒரு ஜீவிதம் உண்டுல்லா," என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. ஜெஸ்மியிடம் கேட்டதற்கு, "நல்லது மாமா, போறோம்" என்றாள். சுமை இறங்கியது போலத்தான் எனக்கும் இருந்தது. ஆனால் வண்டிச் சத்தத்துக்கு வாந்தி எடுத்த பிள்ளை இவ்வளவு எளிதாகச் சொன்னாளே என்று உள்ளுக்குள் ஒன்று நெருடிக்கொண்டே இருந்தது. அக்கா அத்தனை வருடம் கட்டிக் காத்ததை நான் ஒரே வருடத்தில் கைகழுவுகிறேனோ என்ற பயமும் இருந்தது.

போன மாதம் ஒருநாள் விடாத மழை. கேஸ் தீர்ந்துவிட்டது. ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெல்லாம் எரிய, சாளை மீன் கறி வைத்தேன். சட்டியை இறக்கித் தரையில் வைத்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தட்டு எடுக்கக்கூட எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளைகள் தாமாக வந்து நின்றார்கள். அபின் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தான்.

"சித்தி, இதுல உப்பு இல்ல."

"எலே, மிண்டாத இரு," என்று ஜெஸ்மி அவன் தோளில் தட்டினாள். "சித்திக்கு வய்யல்ல, காணலியா?"

"இல்லேன்னா இல்லேன்னுதானே பறையணும். புளியும் கூடிப்போச்சு."

"புளி ஒண்ணும் கூடல்ல. உப்பு போட்டா சரியாவும்."

"கொறச்சு தேங்காப்பாலும் வேணும். நீ நக்கிப் பாரு."

அவள் நக்கிப் பார்த்தாள். சிரட்டையை எடுத்து வந்தாள். எவ்வளவு போடுவது என்பதில் மறுபடி சண்டை வந்தது. அக்கா போன பிறகு அந்த இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அது எனக்கு அன்றுதான் உறைத்தது. உப்பு நான் வேண்டுமென்று போடாமல் விடவில்லை, மறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஒரு வருடம் நான் பார்த்துப் பார்த்துச் செய்தது எதுவும் அந்தப் பிள்ளைகளின் வாயைத் திறக்கவில்லை. வயலாமல் உட்கார்ந்த அன்றுதான் திறந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். புகையால்தான் கண்ணீர் வருகிறது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

அத்தான் நனைந்த சட்டையோடு வந்து வாசலில் நின்றார். சட்டியையும் பிள்ளைகளையும் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "கறி ஆறுததுக்கு முன்ன தீர்ப்பு வருமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஜெஸ்மி முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்பைப் போட்டாள்.

சாப்பிட்டபின் அவளிடம் நேராகக் கேட்டேன். "பள்ளிக்கு போவ உனக்கு மனசு உண்டா? எனக்க முகத்தப் பாத்துட்டு பறையாத."

வெகுநேரம் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "இல்ல சித்தி. உங்களுக்கு வய்யாத்ததுனால சரின்னு சொன்னேன்."

"அபினுக்கு?"

"அவனுக்கும் இல்ல. நல்லதுன்னு பறைய நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

அந்தப் பிள்ளைகள் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள், நான் அவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தேன், நாலு பேரும் ஒரே வீட்டில் நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சொல்லியே ஓய்ந்துபோயிருந்தோம்.

இப்போது மீன் கழுவுவது அபின், தேங்காய் துருவுவதும் அரைப்பதும் ஜெஸ்மி, கணக்குப் பாடம் அத்தான் பொறுப்பு. நான் சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன். பாடங்கள் மெல்ல நகர்கின்றன. அண்ணனுக்குப் போன் செய்து, இந்த வருடம் பள்ளி வேண்டாம் என்றேன். "அப்பம் உனக்க களைப்பு?" என்றார். "அது இருக்கு அண்ணா. ஆனா இப்பம் நாலு பேருமா களைக்குதோம்," என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, "சரி, ஆண்டு அன்னைக்கு வாறேன். கறியப் பாத்துட்டு பறையுதேன்," என்றார்.

காரக்கோணத்தில் அக்காவைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் கவனித்த நர்ஸ்மாருக்கும் டாக்டர்களுக்கும், இரத்தம் கொடுத்த கடலோரத்துப் பையன்களுக்கும், வேளாவேளைக்குத் தூக்குவாளி கொண்டுவந்த அத்தனை வீட்டாருக்கும், பங்குக் கோயிலிலிருந்து வந்து ஜெபம் சொன்னவர்களுக்கும் எங்கள் நன்றி. எந்தக் கைம்மாறாலும் தீராத கடன் இது. இரண்டு தூக்குவாளி மூடிகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன, உரியவர்கள் வாங்கிக்கொள்ளவும்.

திருப்பலி முடிந்ததும் எல்லோரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும். கறி பிள்ளைகள் வைத்தது, நான் ருசி பார்க்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அபின் உங்கள் முன்னால் வந்து நின்று எப்படி இருக்கிறது என்று கேட்பான். தாயில்லாப் பிள்ளை என்று இரக்கப்பட்டு, நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவன் அம்மாவின் நினைவு நாளில் அவனுக்கு உங்களிடமிருந்து வேண்டியது அது இல்லை. உப்புச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவான்.

— தங்கை