வாங்கும்போதே தேய்ந்த முட்டி

"நில்லுடா ராசா" என்று சொல்லி முட்டியில் ஒரு தட்டுத் தட்டுகிறார். காற்றடைத்த ரப்பர்க் கால் லேசாக ஆடிவிட்டு நிற்கிறது. அதன் மேல் விறைப்பாக மாட்டியிருக்கும் புத்தம் புது நீல ஜீன்ஸின் முட்டியில் உப்புத்தாளை வைத்து மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு, குறுக்கே ஓர் இழுப்பு, பிறகு வட்டமாக. நீலம் தூளாகப் பறக்கிறது. அடியில் இருக்கும் வெள்ளை நூல் பல்லைக் காட்டத் தொடங்கியதும் கை நிற்கிறது. அடுத்த கால். அதற்கும் ஒரு தட்டு, அதற்கும் ஒரு ராசா.

"காலு ரப்பரா இருந்தா என்ன, சொல்லிட்டுத் தொடறதுதான் மரியாதை" என்பார்.

ஜீன்ஸ் தொழிற்சாலையில் புதுத் துணியைப் பழையதாக்கும் அந்தப் பகுதியில் ஆளுக்கொரு உறுப்பு. தொடையில் சுருக்கக் கோடு போடுகிறவர் தொடையண்ணன். பையின் ஓரத்தை நைய வைக்கிறவள் பாக்கெட்டு. பின்பக்கத்தைத் தேய்க்கிற ஆளுக்கு வைத்திருக்கும் பெயரை அச்சில் போட முடியாது. இவர் முட்டியக்கா. கம்பெனிப் பதிவில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

நகக்கண் எல்லாம் நீலம். தும்மினால் கைக்குட்டை நீலம். தலையைச் சுற்றி ஒரு துணி, மூக்கைச் சுற்றி ஒரு துணி, நடுவில் இரண்டு கண்கள். ஜீன்ஸ் வாங்குகிற பெரிய கடைகளின் ஆட்கள் சுற்றிப் பார்க்க வரும் நாளில் மட்டும் எல்லாருக்கும் வெள்ளை முகமூடி கிடைக்கும். சாயங்காலம் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

"மூக்குன்னு ஒண்ணு நமக்கு அவங்க வர்ற அன்னிக்குத்தான் முளைக்குது" என்று அவர் சத்தமாகவே சொல்வார். சூப்பர்வைசர் காதில் விழாத மாதிரி விசிலடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

முட்டியக்காவின் சிறு வயதில் உடுப்பில் மறைக்க வேண்டியவை நிறைய இருந்தன. கிழிசலுக்கு உள்பக்கமாக ஒட்டுப் போட வேண்டும். அதே நிற நூல் கிடைக்கும்வரை பெட்டியைக் கிண்ட வேண்டும். பிள்ளை வளர்ந்தால் அடிமடிப்பைப் பிரித்து விடுவார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று நிற்கும். அந்தக் கோட்டில் பேனா மையைப் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர் அவர். மழை பெய்த நாளில் மை கரைந்து கணுக்காலில் இறங்கியதை இன்றும் சொல்லுவார். இப்போது அதே கோட்டைச் செயற்கையாக உண்டாக்க அவருடைய தொழிற்சாலையில் தனி மேசை போட்டிருக்கிறார்கள். ஒட்டும் வெளியே வந்துவிட்டது, நீலத் துணியில் மஞ்சள் நூல், ஊரே பார்க்கட்டும் என்று. அகலக் கால் போய் ஒட்டிய கால் வந்தது. ஒட்டிய கால் போய் அகலக் கால் திரும்பி வந்தது. இடுப்பு ஏறியது, இறங்கியது.

"எல்லாம் வந்துட்டு வந்துட்டுப் போவுது. இந்தக் கிழிசல்தான் போவவே மாட்டேங்குது. இல்லாதவன்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணு. அதையும் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

உழைக்கிறவன் இன்ன நிறத்தை உடுத்தக் கூடாது, அவன் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று விதி செய்து, மீறியவனை அடித்த காலம் ஒன்று இருந்தது. மேலே இருந்தவனைப் போல் உடுத்துவது அன்றைக்குக் குற்றம். கீழே இருப்பவனைப் போல் உடுத்துவது இன்றைக்கு அழகு. இரண்டையும் தீர்மானித்தது ஒரே வீடு. மண்டி போட்டு வேலை செய்ய மட்டும் அந்த வீட்டிலிருந்து இன்றுவரை ஆள் வந்தபாடில்லை.

மண்டி போட்டவர் முட்டியக்காவின் வீட்டுக்காரர். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. மருத்துவமனை, கல்யாண மண்டபம், பணக்காரர் வீட்டுக் குளியலறை என்று அவர் மண்டியிடாத இடம் இல்லை. வலது முட்டியை ஊன்றி, இடது காலைக் குறுக்கே மடித்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே ஒட்டுவார். வேலை முடிந்த தரையில் செருப்போடு நடக்கக் கூடாது என்று சொல்லி அவரையே வெளியே அனுப்பிய வீடுகளும் உண்டு. முட்டிக்குள் இருந்த மெத்தை தேய்ந்து, எலும்பு எலும்போடு உரசத் தொடங்கியபோது மேஸ்திரி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். இப்போது ஜன்னலோர நாற்காலிதான் அவர் இடம். எழுந்து நிற்க ஒரு தோள் வேண்டும். நின்றுவிட்டால் கொஞ்ச தூரம் நடப்பார்.

பக்கத்து வீட்டம்மா ஒருநாள் மந்திரித்த கயிற்றோடு வந்தார். "இதை முட்டியில கட்டுங்க. மேல இருக்கிறவன் பாத்துக்குவான்."

"மேல இருந்தது மேஸ்திரிதாங்க. அவரு நல்லாத்தான் பாத்துக்கிட்டாரு" என்றார் முட்டியக்கா. "இத்தனை வருஷத்துல அந்த முட்டிக்கு அடியில மடிச்சுப் போட ஒரு சாக்கு குடுங்கன்னு யாராவது கேட்டிருந்தா, இந்தக் கயிறுக்கு வேலையே வந்திருக்காது."

கயிறு வீண் போகவில்லை. துணி உலர்த்துகிற கொடியில் அறுந்த இடத்தை அதை வைத்து முடிந்துவிட்டார்.

இந்த வீட்டின் ஒரே மகள் படித்து முடித்துவிட்டாள். பட்டம் வாங்குகிற விழா வந்தது. அப்பா வரமாட்டேன் என்றார். வலி என்றுதான் எல்லாரிடமும் சொன்னார். காரணம் அதுவல்ல என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும், மூன்று பேரும் பேசியதில்லை. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர் வேலையிலிருந்து நேராக ஓடினார். முட்டி இரண்டும் வெளுத்து நைந்த நீல ஜீன்ஸ் பேன்ட், மடிப்பெல்லாம் சிமென்ட். தோழிகளோடு நின்ற பிள்ளை ஓடிவந்து, "அப்பா, நீங்க வாசல்லயே நில்லுங்க" என்றது. நின்றார். அவள் பரிசு வாங்கியபோது எழுந்த கைதட்டல் மட்டும் மதிலுக்கு மேலே கேட்டது. அதற்குப் பிறகு அவள் படித்த எந்த இடத்தின் வாசலையும் அவர் மிதிக்கவில்லை. அவளும் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனாள்.

அந்த பேன்ட் எங்கே போயிற்று என்பதுதான் விஷயம்.

வீட்டுக்காரர் வேலையை விட்ட பிறகு முட்டியக்கா அதைத் தன் உடுப்புக்கு மேலே மாட்டி, இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டிக்கொண்டு தேய்க்க உட்கார்ந்தார். தன் துணியில் நீலம் ஏறாமல் இருக்க அதைவிட நல்ல கவசம் இல்லை. ஒருநாள் டிசைனர் அந்தப் பக்கம் வந்தார். வந்தவர் நின்றார். குனிந்தார். முட்டியக்காவின் முட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எந்தப் பிராண்டுக்கா?"

"எங்க வீட்டுக்காரரு பிராண்டு."

அன்று மத்தியானமே அது கைமாறியது. பதிலுக்கு, விற்பனைக்குப் போகிற புது ஜீன்ஸ் ஒன்றை மடித்துக் கொடுத்தார்கள். பழையது மாதிரிப் பலகையில், நான்கு மூலையிலும் ஊசி குத்தப்பட்டு, விளக்குக்கு அடியில் ஏறியது. இனிமேல் முட்டியென்றால் இதுதான், இதைப் பார்த்துத்தான் எல்லாரும் தேய்க்க வேண்டும். அன்று முதல் முட்டியக்கா தன் புருஷனின் முட்டியைப் பார்த்துப் பார்த்து ஆயிரக்கணக்கில் உண்டாக்கினார். அவருக்கு ஆண்டுக்கணக்கில் தேய்ந்தது இவர் கையில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் தேய்ந்தது. வீட்டில் மட்டும், "நைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்று சொல்லி வைத்தார். சுவரில் தொங்குகிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

விழாவுக்கு முந்தின வாரம் மகள் புது ஜீன்ஸோடு வந்து நின்றாள். தோழிகள் எல்லாரும் ஒரே மாதிரி வாங்கினார்களாம்.

"எப்படிம்மா இருக்கு?"

முட்டியக்கா பார்த்தார். வலது முட்டியில் உள்பக்கம் சாய்ந்த பெரிய வெளுப்பு. இடதில் ஓரமாக ஒரு கீற்று. கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"இது யாரு முட்டின்னு தெரியுமா?"

"என்னம்மா கேள்வி இது? என் முட்டிதான்."

"உங்கப்பாவோடது."

சொல்லத் தொடங்கிய பிறகு முழுவதையும் சொல்லிவிட்டார். டிசைனர் குனிந்தது, ஊசி குத்தியது, விளக்கு, எல்லாம். ஜன்னலோர நாற்காலி கேட்டுக்கொண்டிருந்தது.

"தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னியே?" என்றார் அவர்.

"சொன்னேன். பொய்தான்."

அவர் ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களின் கால்களைப் பார்த்தார். பிறகு, "எத்தனை பேரு போட்டிருப்பாங்க?"

"கணக்கே இல்லைங்க. கப்பல் கப்பலா போவுது."

"அவங்களையெல்லாம் வாசல்லயே நிக்கச் சொல்றாங்களாமா?"

மகள் அவர் முன்னால் வந்து தரையில் மண்டியிட்டாள். புது ஜீன்ஸின் பழைய முட்டி தரையைத் தொட்டது.

"அன்னிக்கு நான் சின்னப் பொண்ணுப்பா."

"தெரியும். அதான் உன்னை ஒண்ணும் சொல்லல."

"நீங்க ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாததுதான் இன்னும் குத்துது. இப்ப உள்ள வாங்கப்பா. முன் வரிசையில உக்காருங்க."

"எதைப் போட்டுக்கிட்டு வர்றது?"

"அதையே."

அவர் சிரித்தார். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது. "அதுதான் உங்கம்மா கம்பெனிச் சுவத்துல தொங்குதே. பெரிய மனுஷனாயிட்டான், கூப்பிட்டா வருவானா?"

மறுநாள் காலை முட்டியக்கா உப்புத்தாளைத் தொடவில்லை. நேராக மாதிரிப் பலகைக்குப் போய் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பேன்ட்டைத் தன் உடுப்புக்கு மேலே மாட்டி நாடாவைக் கட்டினார். சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"அக்கா, சாம்பிள் கம்பெனி சொத்து!"

"சொத்தா? இந்தாங்க, நீங்க மாத்திக் குடுத்தது." ஒருநாள்கூட உடுத்தாத ஜீன்ஸை, விலைச்சீட்டுத் தொங்க, மேசையில் வைத்தார். "இந்தப் பழசைப் போட்டுக்கிட்டுத்தான் உள்ள வந்தேன். போட்டுக்கிட்டே வெளிய போறேன்."

"ஆர்டர் பாதியில நிக்குது. எதைப் பாத்துத் தேய்ப்பாங்க?"

தொடையண்ணன் தலையைத் தூக்கினார். "அதான் போட்டோ எடுத்து வச்சிருக்கீங்களே சார். அதைப் பாத்துத் தேய்க்கிறோம். அதுவும் பத்தலன்னா நீங்க கொஞ்ச நாள் மண்டி போட்டுப் பாருங்க, தானா வரும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ரப்பர்க் கால்கள் தேய்க்க ஆளில்லாமல் வரிசையாக நின்றன.

வாசலில் சோதனை போடுகிற பெண் தடுத்தாள். "கம்பெனி சரக்கு மாதிரி இருக்கே?"

"பேன்ட்டு பாக்கெட்டு மூலையில விரலை விட்டுப் பாரு."

அவள் விட்டாள். விரல் நுனியில் சாம்பல் நிறத்தில் சிமென்ட் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

கம்பெனி ஒரு எச்சரிக்கை கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது. ஆர்டர் பாதியில் இருக்கும்போது முட்டியக்காவை அனுப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

விழா அன்று காலை வண்டி வந்து நின்றது. மகள் கறுப்பு அங்கியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு படியில் காத்திருந்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அதற்குக் கீழே அந்த பேன்ட். உடம்பு இளைத்திருந்ததால் பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது. இரண்டு கையாலும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். எழவில்லை. முட்டி இரண்டும் துணிக்குள் நடுங்குவது தெரிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வந்துடுங்களேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

முட்டியக்கா எதிரே வந்து குந்தி உட்கார்ந்தார். எத்தனை சோப்புப் போட்டும் போகாத நீல விரல்களால் அந்த வெளுத்த வலது முட்டியை ஒருமுறை நீவிப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

"நில்லுடா ராசா."

கைப்பிடியிலிருந்து கையை எடுத்து அவர் முட்டியக்காவின் தோளில் வைத்தார்.