விசில் ஊதாத நடத்துநர்

கம்பியில் மோதிரத்தால் இரண்டு தட்டு, வண்டி கிளம்பும். ஒரு தட்டு, நிற்கும். "விசில் எங்கண்ணே, அடகுக்கடையிலயா?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்பார். "ஆமா, உங்க வாயையும் சேர்த்து வாங்கிப்பாங்களான்னு கேட்டுட்டு வரேன்" என்றபடியே சில்லறையை நீட்டுவார் நடத்துநர்.

கனத்த குரல். படியில் தொங்குகிறவர்களை உள்ளே இழுக்க அதுவே போதும். ஆனால் அவர் இருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்குப் போகும் ஏழு வயது மகளிடம் மட்டும் அது எடுபடாது. சன்னலோரம் அவளுக்கு. கடைசி பிஸ்கட்டும் அவளுக்கே. பால் சூடாக இருந்தால் அவள் ஊதக் கூடாது. டிக்கெட் கட்டால் விசிறி இவரே ஆற்றித் தருவார். "செல்லம் குடுத்தே கெடுக்குற நீ" என்று அவருடைய அக்கா வண்டியிலேயே ஒருநாள் திட்டினார். "கெட்டா கெடட்டும்க்கா. அவ அழக்கூடாது, அவ்வளவுதான்."

காரணம் எனக்குத் தெரியும். மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவன் நான். தினமும் அந்த வண்டிதான். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவருக்கு நான் 'பட்டதாரி'.

சென்ற ஆண்டு மகள் வண்டியில் எதற்கோ அழுதாள். சமாதானப்படுத்த விசிலைக் கொடுத்தார். அவள் ஊதித் தள்ளினாள். இடது கை துவண்டு மடியில் விழுந்தது. சற்று நேரத்தில் சரியாகிவிட்டாலும், நேரே எங்களிடம் தூக்கி வந்துவிட்டார். மூளையின் அடியில் பெரிய இரத்தக்குழாய்கள் சுருங்கிக் கிடந்தன. சுற்றிலும் புகை படர்ந்தாற்போல மெல்லிய குழாய்கள். மோயாமோயா என்று பெயர். குழந்தைகளுக்கு அபூர்வமாக வருவது. விம்மி அழுதாலோ, பலமாக ஊதினாலோ, மூளைக்குப் போகும் இரத்தம் இன்னும் குறையும். ஒருமுறை விழுந்த கை பிறகு எழாமலே போகலாம்.

"மெயின் ரோடு அடைச்சுப்போச்சு பட்டதாரி. வண்டியெல்லாம் சந்துல நெளியுது" என்றார் என்னிடம். "தலைத்தோல்ல ஓடுற குழாயை மூளைமேல பதிச்சு டாக்டர் பைபாஸ் போடப்போறாராம்."

அறுவை சிகிச்சை அன்று காலையிலும் அவளை அழவிடக் கூடாது. தள்ளுகட்டிலோடு நடந்தபடி, "டிக்கெட், டிக்கெட்!" என்று குரல் கொடுத்தார். எதிர்ப்பட்ட செவிலியருக்கெல்லாம் மகள் டிக்கெட் கிழித்தாள். முகமூடி அணிந்த மருத்துவரும் கை நீட்டினார்.

"இவருக்கு ஓசியாப்பா?"

"பின்ன? இன்னைக்கு டிரைவரே அவர்தானேம்மா!"

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடிய பிறகும் மீதி டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே இருந்தார்.

பதித்த குழாய் கிளைவிட மாதங்கள் ஆகும். கண்டால் ஊதக் கேட்டு அழுவாளே என்று, அதுவரை விசில் சட்டைப்பையை விட்டு வெளியே வரவில்லை. மோதிரம் தேய்ந்ததுதான் மிச்சம். நேற்று எடுத்த படத்தில் புதுக்கிளைகள் நன்றாகப் பரவியிருந்தன. "இனிமே ஊதலாம்" என்றார் மருத்துவர்.

இன்று காலை விசிலைச் சட்டையில் துடைத்து மகளிடம் கொடுத்தார்.

"நெசமாவாப்பா?"

"டாக்டரே சொல்லிட்டாரு. ஊது. டிரைவர் மாமா காத்திருக்காரு பாரு."

இடது கையால் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கன்னம் உப்ப ஊதினாள். வண்டி கிளம்பியது. பின்சீட்டில் யாரோ கைதட்டினார்கள். அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கைக்குக் கீழே, தொடாமல், தன் உள்ளங்கையை விரித்து ஏந்தியிருந்தார். அடுத்த நிறுத்தம் வரும்வரை அது அங்கேயே இருந்தது.