பாப்பாவின் மத்தியானத் தூக்கமும் எங்கள் அக்காவும்

“காலேஜ் படிச்ச பிள்ளைக்கு ஒரு பச்சப் பிள்ளையத் தூங்க வைக்கத் தெரியலையே. நாங்க ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருதோம்.” அக்காவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, அக்கா வீட்டுக்காரரான மாமாவின் மூத்த சகோதரி, மதினி, எல்லார் முன்னிலையிலும் இப்படிச் சொன்னார். என் தோளில் அக்காவின் குழந்தை கதறிக்கொண்டிருந்தாள்.

எங்கள் அக்கா குண்டடம் பக்கத்தில், கூலி வேலை செய்த பெற்றோருக்குத் தலைமகளாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு நின்று திருப்பூருக்கு வந்தார். பனியன் கம்பெனியில் உதவியாளாகச் சேர்ந்து ஓவர்லாக் டெய்லரானார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.காம். முடித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதை என்னைவிட அக்காதான் ஊரெல்லாம் சொன்னார்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த மாமாவை மணந்து திருப்பூர் நல்லூரில் குடியேறினார். பாப்பா பிறந்தபின் வீட்டிலேயே மிஷின் போட்டு, சுவரை ஒட்டியிருந்த சின்னத் தையல் யூனிட்டுக்குத் தைத்துக் கொடுத்தார். கோபம் வந்தால் திட்டமாட்டார். மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பார்.

பாப்பாவுக்கு ஒன்றரை வயதானபோது மஞ்சள் காமாலை அக்காவைக் கொண்டுபோனது. ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் கேட்டது, “பாப்பா மத்தியானம் தூங்குனாளா கண்ணு?” என்பதுதான்.

“தூங்க வெச்சுடறேங்க்கா” என்றேன்.

பாப்பா தூங்கவில்லை. தோளிலும் மடியிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். துக்க வீடு என்பதால் டிவி இல்லை, மிக்ஸி இல்லை. வந்தவர்களும் கிசுகிசுத்தே பேசினார்கள். மத்தியானமெல்லாம் அழுதுவிட்டு, சாயங்காலம் சோற்றுத் தட்டிலேயே சாய்வாள். பிறகு இரவெல்லாம் விழித்திருப்பாள். நானும் மாமாவும் நின்றுகொண்டே தூங்கினோம்.

மதினி பையைக் கட்டத் தொடங்கிய மத்தியானம், பக்கத்து யூனிட்டில் ஊசி மாற்றிவிட்டு ஒரு மிஷினை ஓட்டிப் பார்த்தார்கள். என் கழுத்தைப் பிடித்திருந்த பாப்பாவின் கை தளர்ந்தது. மிஷின் நின்றதும் திரும்ப அழுதாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்தது முதல் அவள் தொட்டில் அக்காவின் மிஷினை ஒட்டியே தொங்கியது. இந்தச் சத்தமில்லாமல் அவள் தூங்கியதே இல்லை.

யூனிட் நடத்தும் பாயிடம் ஓடினேன். “எங்க சுவத்தோரம் இருக்கற மிஷினை ஓட்டுங்க பாய்.”

“துக்க ஊட்டுப் பக்கத்துல சத்தம் போடறது மரியாதை இல்லீன்னுதான் நிறுத்தி வெச்சிருக்கறேன் கண்ணு. ஆர்டர் குடுத்த பார்ட்டி தெனமும் போன்ல மானத்தை வாங்கறான். நீயே ஓட்டச் சொல்றியா?”

“ஆமாங்க. அது ஓடுனாத்தான் பாப்பா தூங்குவா.”

“இதை அந்தப் பார்ட்டிகிட்டச் சொன்னா நம்புவானா!” என்றபடி சுவிட்சைப் போட்டார்.

பாப்பா தூங்கினாள். ஆனால் ஒரு மணிக்கு யூனிட்டில் சாப்பாட்டு நேரம். சத்தம் நின்றால் எழுந்துவிடுவாள். அக்காவின் மிஷினில் நானே உட்கார்ந்து, நூல் கோக்காமல் மிதித்தேன். படிக்கிற பிள்ளை என்று அதில் உட்கார அக்கா என்னை விட்டதே இல்லை.

மதினி வாசலில் நின்று பார்த்தார். “நூலே இல்லாம யாருக்குட்டி தைக்க?”

“பாப்பாவுக்குத்தான் மதினி.”

தொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். மறுநாள் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

அதன்பிறகு தினமும் பன்னிரண்டு மணிக்குள் சோறூட்டி, கால் கழுவி, ஜன்னலுக்குத் துணி கட்டித் தொட்டிலில் போட்டேன். மிதிக்கும் நேரத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்தேன். பல் முளைத்தாலும் சளி பிடித்தாலும் எல்லாம் முதலிலிருந்து. எந்தத் தேர்வும் என்னை இவ்வளவு களைக்க வைத்ததில்லை என்று இந்த ஒரு வருடத்தில் தெரிந்துகொண்டேன்.

அக்காவைச் சுமந்து சென்றவர்களுக்கும், உலை வைக்க முடியாத நாட்களில் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், பாய்க்கும், என்னை நம்பிப் பாப்பாவை விட்டுச்சென்ற மதினிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

போன திங்கட்கிழமை ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். பாப்பாவை அங்குள்ள குழந்தைகள் காப்பகத்தில் விட்டேன். மத்தியானம் அதன் கதவு வரை போனேன். உள்ளே மிஷின் சத்தமும் இல்லை, அழுகைச் சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தால் எழுந்துவிடுவாள் என்று, அப்படியே திரும்பி வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன்.