ஓசையில்லாமல் கடந்த விமானங்கள்

இதைப் படிக்கிற அன்பானவரே, முதலில் உங்கள் இடம் எதுவென்று சொல்லிவிடுகிறேன். நான் ஏறிய பட்டிமன்ற மேடைகளிலெல்லாம் எதிரே ஒரு நடுவர் அமர்ந்திருப்பார். அவருடைய தீர்ப்பை வெல்வதற்கென்றே பேசிப் பழகியவன் நான். உங்களை அந்த நாற்காலியில் அமர்த்தப் போவதில்லை. நீங்கள் இங்கே சாட்சி. பொழிச்சலூரில் இருக்கிற எங்கள் வீட்டின் முன்னறைக்குள் வந்து நில்லுங்கள். நான் கண்டதை நீங்களும் காணுங்கள். நான் கேட்டதையும், கேளாமற்போனதையும் அதற்குப் பிறகு எடைபோடுங்கள்.

கடந்த ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் போனது. என் அக்கா கிரேசுக்கு மட்டும், காய்ச்சல் போன பிறகு கால்கள் போயின.

அக்கா பம்மலில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அப்பா இல்லாத வீட்டில் என்னைப் படிக்க வைத்தவள். ஒரு காலையில் செருப்பு மாட்டும்போது, "பாதம் மரத்த மாதிரி இருக்குடா" என்றாள். மாலையில் படியேற முடியவில்லை. மறுநாள் கையிலிருந்த டம்ளர் நழுவியது. அதற்கடுத்து மூச்சே நழுவத் தொடங்கியது. உடலின் காவற்படையே தன் நரம்புகளைத் தாக்குகிற நோய் என்றார் மருத்துவர். "திரும்பி வர வாய்ப்பு இருக்கு. அதுவரைக்கும் மூச்சு நிக்காம பாத்துக்கணும்." தாம்பரத்துக்குக் கிழக்கே, மேடவாக்கம் போகிற சாலையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயோடு அவளைப் படுக்க வைத்தார்கள். அசைவில்லை. குரலில்லை. இமைகள் பாதி மூடியிருந்தன. நினைவு இருக்கிறதா இல்லையா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் எழுந்து நின்று பேசக்கூடியவன் நான். அன்று வீட்டுக்கு வந்து முழங்காலிட்டபோது ஒரு வாக்கியம்கூட அமையவில்லை. "ஆண்டவரே" என்றேன்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் எங்கள் தலையை உரசிக்கொண்டு போகும். ஒவ்வொன்றுக்கும் சன்னல் கண்ணாடி அதிரும். சமையலறைத் தட்டில் கவிழ்த்து வைத்த டம்ளர்கள் கிலுகிலுக்கும். பக்கத்து வீட்டு நாய் மாடிச் சுவரில் முன்கால் வைத்து வானத்தைப் பார்த்துக் குரைக்கும். பேசிக்கொண்டிருப்பவர் சொல்லின் நடுவிலேயே நிறுத்துவார். ஓசை கடந்ததும் அதே சொல்லிலிருந்து தொடர்வார். என் மேடைப் பேச்சில் இடைநிறுத்தங்கள் அழகாக விழுவதாகப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். அவற்றை எனக்குக் கற்றுக் கொடுத்தவை விமானங்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். ஒரு பிற்பகல். அம்மா மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். நோயாளியைப் பார்க்க மாலை நான்கு மணிக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். நான் முன்னறையில் முழங்காலில் இருந்தேன். எதிர்வீட்டுச் சுவரில் விமானத்தின் நிழல் ஓடியது. நிமிர்ந்தேன். சன்னலை அடைத்துக்கொண்டு, சக்கரங்களை நீட்டியபடி, வெள்ளை வயிறு ஒன்று தலைக்கு மேல் நகர்ந்து போனது.

ஓசையே இல்லை.

கண்ணாடி அதிரவில்லை. டம்ளர்கள் அசையவில்லை. மின்விசிறி சுழன்றது, அதன் முனகலும் இல்லை. மாடிச் சுவரில் அந்த நாய் நின்றிருந்தது. அதன் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. குரைப்பு வரவில்லை. யாரோ அந்தப் பிற்பகலிலிருந்து ஓசையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போனதைப் போலிருந்தது. விமானம் கூரைகளுக்கு அப்பால் மறைந்த பிறகே விசிறியின் சத்தம் திரும்பி வந்தது.

அன்று மாலை அம்மா வந்து, "பிரஷர் கொஞ்சம் நிலைக்கு வந்திருக்காம்" என்றார்கள்.

மறுநாளும் அதே வேளையில் வந்தது. காதில் கோளாறோ என்று நீங்கள் ஐயுறலாம். நானும் ஐயுற்றேன். மூன்றாம் நாள் அம்மா புறப்பட்டுக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். நிழல் விழுந்தது. பழக்கப்படி பேச்சை நிறுத்திக் காத்திருந்தார்கள். காத்துக்கொண்டே இருந்தார்கள்.

"டேய், பிளேன் போயிடுச்சா?"

"போயிடுச்சும்மா."

"எனக்குக் கேக்கலையே."

"எனக்கும்தாம்மா."

அம்மா கைப்பையோடு அப்படியே தரையில் அமர்ந்தார்கள். அங்கிருந்தபடியே, "இன்னைக்கு நீ போய் அக்காவைப் பாரேன்டா" என்றார்கள்.

"அடையாளம் இங்கதானேம்மா வருது? நான் இங்க ஜெபத்துல இருக்கணும். நீங்க போங்க."

செய்தி பரவியது. எங்கள் பகுதியில் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்துகிற ரூபி ஆன்ட்டி, விசுவாசிகளை அழைத்துக்கொண்டு வந்தார். அவர்கள் வந்த முதல் நாளும் அது நிகழ்ந்தது. அறை நிறைய மனிதர்கள், எல்லோருடைய உதடுகளும் 'ஸ்தோத்திரம்' என்று அசைந்தன, ஒருவருடைய குரலும் எழவில்லை. தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நடப்பதைப் பார்ப்பது போன்ற அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் என் கைம்முடி சிலிர்க்கிறது.

அதன் பின் பம்மலிலிருந்தும் சிட்லபாக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வாசலில் செருப்புக்கு இடமில்லை. ரூபி ஆன்ட்டியின் கைப்பேசியில், விமானங்கள் எங்கே வந்துகொண்டிருக்கின்றன என்று காட்டுகிற ஒரு செயலி ஏறியது. எங்கள் ஜெபத்தின் ஒழுங்கை அன்றுமுதல் அது நடத்தியது.

"பாம்பே பிளேன் பக்கத்துல வந்துடுச்சு தம்பி. பாட்டைச் சுருக்கமா முடிங்க."

"ஆன்ட்டி, டிலேன்னு போட்டிருக்கே."

"டிலேயா? அப்போ இன்னும் ரெண்டு சரணம் பாடலாம். கோயம்புத்தூர்ல இருந்து சின்னது ஒண்ணு வருது. ஆனா அதுக்கு சத்தமே கம்மி, கணக்குல சேராது."

ஒருவரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. விண்ணப்பம் உச்சத்தைத் தொடும் கணத்தில் விமானம் தலைக்கு மேல் வரும்படி, என் பயிற்சியனைத்தையும் கொண்டு என் ஜெபத்தை நான் அளந்து வைத்தேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை. என் குரல் உயர்ந்தது. நிழல் விழுந்தது. கண்ணாடி அதிர்ந்தது. டம்ளர்கள் கிலுகிலுத்தன, ஒன்று உருண்டு தரையில் விழுந்தது. பக்கத்து மாடியில் நாய் வாய்கிழியக் குரைத்தது. ஊர் முழுதும் உறுமிக்கொண்டு விமானம் கடந்தது.

"அடுத்ததுல வரும்" என்றார் ஒருவர். அடுத்ததும் உறுமியது. அதற்கடுத்ததும். பொழுது சாய்வதற்குள் வாசலில் செருப்புகள் ஒவ்வொரு சோடியாகக் குறைந்தன. கடைசியாக எழுந்த ரூபி ஆன்ட்டி என் முகத்தைப் பார்க்காமல், "உபவாசம் போட்டுப் பாப்போம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது அம்மா கைப்பேசியில் அழைத்தார்கள். அழுகைக்கு நடுவே, "நெஞ்சுல சளி கட்டிடுச்சாம்டா. அடுத்த ரெண்டு நாள் கஷ்டம்னு சொல்றாங்க" என்றார்கள்.

கொடுத்த அடையாளத்தை ஆண்டவர் ஏன் பறித்தார்? எங்களில் யாருடைய பாவம்? என்னுடைய பெருமையா? எந்த வாதமும் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் தனியே முழங்காலிட்டேன். விமானம் வந்தது. உறுமியது. போனது. என் உள்ளத்தில் ஏதோ அறுந்தது.

அந்த வேளையில் தினேஷ் வந்தான். சிட்லபாக்கத்துக்காரன். மேடைகளில் எனக்கு எதிரணியில் பேசுகிறவன். எந்தக் கோயிலுக்கும் போகாதவன்.

"இன்னா மச்சான், கூட்டத்தைக் காணோம்? ரன்வேயை மாத்திட்டாங்களா?"

"போடா."

"சரி, கிண்டல் வேணாம். எதிரணி சார்பா ஒரே ஒரு கேள்வி. அக்கா எங்க இருக்காங்க?"

"ஆஸ்பத்திரியில."

"நீ எங்க இருக்க?"

அவன் வண்டியைத் திருப்பி நிறுத்தி, "ஏறுடா" என்றான்.

குரோம்பேட்டை நெரிசலைக் கடந்து, தாம்பரம் மேம்பாலத்தில் ஏறி இறங்கி, நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மா அனுமதிச் சீட்டை என் கையில் திணித்தார்கள்.

வழியெல்லாம் ஒரு ஜெபத்தைச் சொல் சொல்லாகக் கட்டிக்கொண்டு போனேன். அக்காவின் முகத்தைக் கண்டதும் அது கலைந்துவிட்டது. வாயைத் திறக்க முடியாமல் பக்கத்தில் அமர்ந்தேன். கருவிகள் எல்லாம் ஓசையிட்டுக்கொண்டிருந்தன. எந்த அமைதியும் இறங்கி வரவில்லை. பார்ப்பதைத் தவிர எனக்கு வேலையில்லை. ஆகவே பார்த்தேன். பாதி மூடிய அவள் கண்ணிலிருந்து ஒரு துளி வழிந்தது. சற்றுப் பொறுத்து மற்றொன்று.

குனிந்து, "அக்கா, கேக்குதா? கேட்டா மேல பாரு" என்றேன்.

விழிகள் மேலே சென்றன.

"வலிக்குதா?" மேலே. "தலையா?" அசைவில்லை. "நெஞ்சா? வயிறா?" அசைவில்லை. "வலது காலா?" இல்லை. "இடது காலா?" விழிகள் மேலே போயின, இறங்கின, மறுபடியும் மேலே போயின, கெஞ்சுவதைப் போல.

செவிலியரை அழைத்தேன். அவர் போர்வையை விலக்கினார். இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்திருந்தது. "காலையில துடைக்கும்போது இப்படி இல்லையே சார்" என்றபடியே மருத்துவரிடம் ஓடினார். ஸ்கேன் எடுத்தார்கள். கால் நாளத்தில் இரத்தம் உறைந்திருந்தது. உடனே மருந்து ஏற்றினார்கள். மருத்துவர் வெளியே வந்து அம்மாவிடம் சொன்னார்: "கட்டி அங்கேருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போயிருந்தா, இன்னைக்கு இருக்கிற நிலைமையில தாங்கியிருக்க மாட்டாங்கம்மா. நல்ல நேரத்துல பாத்தீங்க."

அதற்குப் பின் நாள்தோறும் போனேன். சளி குறைந்தது. தை பிறக்கும் முன் விரல்கள் அசைந்தன. மூச்சு அவளுடையதாகவே ஆனது. தொண்டைக் குழாயை எடுத்த பிறகு, காற்றுக் கசிவது போன்ற குரலில் அக்கா என்னைக் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏன்டா பிளேனை நிறுத்திட்டீங்க?"

எங்களுக்குப் புரியவில்லை. அவள் விட்டுவிட்டுச் சொன்னாள். "மத்தியானம் ஆனா பிளேன் போகும். நம்ம வீட்டு மேல போற மாதிரியே. டம்ளர் ஆடும். அந்த நாய் கத்தும். நீ கீழே முட்டி போட்டிருக்கேன்னு தெரியும். அதைப் பிடிச்சிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். திடீர்னு ஒரு நாள் நின்னுடுச்சு. இருட்டுல கையை விட்ட மாதிரி இருந்துச்சு. மறுநாள் நீ வந்த. ஆனா முதல்ல பேசவே இல்ல. அதனால நீதான்னு நம்பவே நேரமாச்சு."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறதே, அங்கிருந்து கேட்டிருக்கும் என்று நீங்கள் மறுக்கலாம். மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அடைத்த கண்ணாடிகளுக்குள் படுத்திருந்தவளுக்கு எங்கள் சமையலறை டம்ளர்களின் கிலுகிலுப்பு எங்கிருந்து வந்தது? பொழிச்சலூர் நாயின் குரைப்பை மேடவாக்கம் சாலைக்குக் கொண்டு போனது யார்? இந்தக் கேள்வியைத் தினேஷிடமும் வைத்தேன். "எதிரணி அவகாசம் கேக்குது மச்சான்" என்றான்.

அன்பானவரே, அடையாளங்கள் ஏன் வருகின்றன, ஏன் போகின்றன என்று மேடைகளில் பலரும் பேசக் கேட்டிருக்கிறேன். விசுவாசம் கூடினால் வரும், குறைந்தால் போகும் என்பார்கள். என் வீட்டில் நிகழ்ந்தது அப்படியல்ல. எங்களுக்குக் கொடுக்கப்பட்டதாக நாங்கள் கொண்டாடிய அமைதி, அவளுக்காக எங்களிடமிருந்து எடுக்கப்பட்ட ஓசையின் வெற்றிடம். தனியே கிடந்தவளுக்கு வீட்டின் ஓசையைத் துணைக்கு அனுப்பினவர், வீட்டிலிருந்தே ஓர் ஆளை அனுப்பும் நாள் வந்தபோது, ஓசையைத் திருப்பித் தந்துவிட்டார். அடையாளம் தொடர்ந்திருந்தால் அந்த வெள்ளிக்கிழமையும் நான் முன்னறையில்தான் முழங்காலிட்டிருப்பேன். அக்கா இன்று இருந்திருக்க மாட்டாள்.

ஆகையால், உங்கள் வாழ்வில் ஒருகாலத்தில் வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தால், கைவிடப்பட்டோம் என்று சொல்லிவிடாதீர்கள். அவரை நம்புங்கள். எழுந்து வெளியே வாருங்கள். அது நின்ற இடத்திலிருந்து நீங்கள் நடந்து போக வேண்டிய ஒரு வாசல் இருக்கும். இதை நான் அச்சத்தோடுதான் சொல்கிறேன். அவர் இவ்வளவு அருகில் நடமாடுகிறார் என்று அறிந்த பிறகு, பகல் வெளிச்சத்திலும் சில வேளைகளில் எனக்கு உடல் கூசுகிறது.

உயிர்த்தெழுந்த ஞாயிறன்று அக்கா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்தாள். சாட்சி நேரத்தில் எங்கள் சபையின் போதகர் ஐயர் என்னிடம் மைக்கை நீட்டினார். நான் வாங்கவில்லை. மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரைக்கும் என் குரல் போகும். இது தற்பெருமை அல்ல, பயிற்சி. முன் வரிசையிலிருந்து அக்கா, "சுருக்கமா பேசுடா" என்றாள். சபை சிரித்தது. நான் சபையின் முன்னிலையில், ஆண்டவரை நோக்கி உரத்துச் சொன்னேன்:

"ஆண்டவரே, இனி யாருக்காக ஜெபிக்கும்படி என்னைக் கேட்டாலும், முதலில் அவர்கள் படுத்திருக்கிற இடத்துக்குப் போவேன். அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். அதன் பிறகே உம்மிடம் வாயைத் திறப்பேன்."